முதன்முறையாக இங்கே: பரவல் பதிவுகளின் பலமும் பிழையும்

வட ஆர்க்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிந்தது; திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஒரு புது மாவட்டம் உருவானது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் போனது. இன்று ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களுக்கும் பங்கு. அங்கே ஒரு பாறைவெடிப்பில் வாழும் பல்லிக்கு இதனால் எதுவும் மாறவில்லை. அதைப் பற்றி எழுதுபவருக்கு மாறிவிட்டது: ‘திருவண்ணாமலை மாவட்டத்தில் முதன்முறையாக’ என்று தலைப்பு வைக்க அவருக்கு வழி பிறந்தது. நூறாண்டுக்கு முன் ‘வட ஆர்க்காடு’ என்று சீட்டு ஒட்டப்பட்டு, ஏதோ ஓர் அருங்காட்சியகக் குப்பியில் கிடக்கும் அதே இனப் பல்லி, இதே மலையிலிருந்து போனதாகவே இருக்கலாம். அந்தப் பழைய சீட்டைத் தேடாமல் ‘முதன்முறை’ என்று எழுதினால், அது உயிரியல் கண்டுபிடிப்பு ஆகாது. வருவாய்த்துறை வரைபடத்தில் நேர்ந்த மாற்றத்தைத்தான் அது அறிவிக்கிறது.

அதிகம் அறியப்படாத உயிரினங்களின் புதிய பரவல் பதிவு என்பது அறிவியல் எழுத்தில் மிகச் சிறிய வடிவம். இந்த உயிரினம், இந்த இடத்தில், இந்த நாளில் காணப்பட்டது. இதுவரை அறிந்த இடத்திலிருந்து இவ்வளவு தொலைவு. அடையாளம் கண்டது இப்படி. இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். 1886 முதல் வெளிவரும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இத்தகைய குறிப்புகள் ஏராளம். கோவையிலிருந்து வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா’விலும் அப்படியே. 2005இல் பிரேசிலில் தொடங்கிய ‘செக் லிஸ்ட்’ என்ற இதழ் பெரும்பாலும் இதற்காகவே நடக்கிறது. பெரிய ஆய்வாளர்கள் பலர் இந்தக் குறிப்புகளைக் கீழாகப் பார்ப்பதுண்டு. அந்தப் பார்வை எனக்கு உடன்பாடில்லை. இந்த வடிவத்தின் மேல் எனக்குள்ள மதிப்பினால்தான் அதன் குறைகள் என்னை உறுத்துகின்றன.

இடத்தைச் சரியாகக் குறிப்பதன் அருமையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அமேசான் குரங்குகளைப் பற்றி 1852இல் லண்டன் விலங்கியல் கழகத்தில் பேசியபோது, அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘பிரேசில்’, ‘தென் அமெரிக்கா’ என்று மட்டும் எழுதியிருப்பதைக் குறைபட்டுக்கொண்டார். ஒரு பெரிய ஆற்றின் இந்தக் கரையில் ஓர் இனமும் அந்தக் கரையில் வேறோர் இனமும் வாழும்போது, நாட்டின் பெயரை மட்டும் எழுதிய சீட்டினால் என்ன பயன்? உயிரினங்கள் எங்கெங்கே வாழ்கின்றன என்பதில் நமக்குள்ள அறியாமையை இன்று ‘வாலஸ் குறை’ என்றே அழைக்கிறார்கள். நம் பக்கத்திலும் அதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்டன், எலியட், பெடோம் முதலியோர் சேகரித்தவற்றில் பல ‘கர்நாடிக்’, ‘மெட்ராஸ்’ என்ற அளவோடு நின்றுவிட்டன.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இந்தக் குறை மற்ற இடங்களைவிட அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போன கண்களில் ஒரு பங்குகூட இங்கே வரவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலை வடதமிழகத்தில் ஒரே தொடராக இல்லாமல் துண்டு துண்டாக நிற்கிறது: ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், செஞ்சிப் பாறைக்குன்றுகள், 800 மீட்டருக்குச் சற்று மேல் தனியே எழுந்து நிற்கும் அண்ணாமலை. இடையில் வயலும் ஏரியும் ஊரும். பாறையைவிட்டு இறங்காத சிறு உயிர்களுக்கு ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. இந்திரநீல் தாசும் ஆரன் பாவரும் 2000ஆம் ஆண்டில் ‘நெமாஸ்பிஸ் ஓட்டாய்’ என்ற குட்டிப் பல்லியைப் புதிய இனமாக விவரித்தார்கள். அது கிடைத்த இடம் அடர்காடு அன்று, வேலூர்க் கோட்டை. நாள்தோறும் மக்கள் வந்துபோகும் கோட்டைச் சுவரில் பெயரில்லாமல் ஓர் இனம் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது என்றால், அண்ணாமலையின் பாறைகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யார் உறுதியாகச் சொல்ல முடியும்?

பொன்பல்லியின் கதை இதைவிட நீளமானது. 1870இல் பெடோம் திருப்பதி மலைகளிலிருந்து அதை விவரித்தார். பிறகு நூறாண்டுக்கு மேல் பேச்சே இல்லை. 1986இல்தான் அது மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி மும்பைக் கழக இதழில் வந்தது. அதன் பிறகு குறிப்பு குறிப்பாக அதன் எல்லை விரிந்தது: ஆந்திரத்தின் வேறு குன்றுகள், வடக்கே ஒடிசா, தெற்கே வேலூர்ப் பகுதி. திருப்பதியில் மட்டுமே வாழ்வதாக எண்ணப்பட்ட ஒரு பல்லி கிழக்குத் தொடர்ச்சியின் நெடுகிலும் தக்க பாறையுள்ள இடங்களில் வாழ்கிறது என்று தெரிந்தது எந்தப் பெருந்திட்டத்தாலும் அல்ல. ஒருவர் பின் ஒருவராக எழுதிய சின்னக் குறிப்புகளால். இதன் நெருங்கிய உறவான இன்னொரு இனம் இலங்கையில் இருக்கிறது. இலங்கைக்கே உரியது என்று கருதப்பட்ட பறக்கும் பாம்பு ஒன்று சேஷாசலம் மலையில் கிடைத்ததை 2015இல் வெளியிட்டார்கள். ராமேஸ்வரத்துக் கோயில் ஒன்றின் பெயரைத் தாங்கி 2004இல் விவரிக்கப்பட்ட மரச்சிலந்தி, அதே 2015இல் கடலுக்கு அப்பால் மன்னாரில் பதிவானது. பாக் நீரிணையின் இரு கரையும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்ததற்கு இந்த உயிர்கள் சாட்சி. அந்தச் சாட்சியத்தை எழுதிவைத்தவை இந்த இரண்டு பக்கக் குறிப்புகள்.

நடைமுறைப் பயனும் உண்டு, அது சிறிதன்று. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது பறவை ஆர்வலர்கள் திரட்டிய சுமார் 250 பறவை இனங்களின் பட்டியல். அதில் லகர் வல்லூறும் ராஜாளிக் கழுகும் இருந்தன. 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக அந்தப் பகுதி ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் கையில் அந்த அறிவிப்பு இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதை வென்றது மக்கள் போராட்டம். ஆனால் பட்டியல் இல்லாத குன்றுக்காகப் போராடுவது இன்னும் கடினமாக இருந்திருக்கும். கல் எடுக்கக் குன்றுகளைக் குத்தகைக்குக் கேட்கும் ஒரு மாநிலத்தில், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்ற வாக்கியத்துக்கு எதிராக வைக்க எழுத்துவடிவச் சான்று வேண்டும்.

இனி குறைகள். முதலாவது, இந்தக் குறிப்புகளில் பல ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை: நகர்ந்தது விலங்கா, நம் பார்வையா? மயில் கேரளத்தில் பரவிவருவது உண்மையான நகர்வு. அங்கே நிலம் வறண்டுவருவதோடு அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். சேஷாசலத்துப் பாம்போ எப்போதும் அங்கேயே இருந்தது, பார்த்தவர்தான் புதியவர். ‘எல்லை விரிவு’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டால், தட்பவெப்ப மாற்றத்தை ஆராய்பவருக்கு நாளை பொய்யான வரைபடம் கிடைக்கும். மூன்றாவது வழியும் உண்டு: மனிதரே கொண்டுபோய்ச் சேர்ப்பது. பூந்தொட்டி மண்ணோடு உலகம் சுற்றிய நம் செவிப்பாம்பு இதற்குப் பேர்போனது. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் ஊரில், லாரிச் சரக்கிலும் நாற்றுப்பண்ணைச் செடியிலும் ஒரு வீட்டுப்பல்லி வந்திறங்க முடியாதா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

கூட்டி நகரத்துச் சிலந்தி இதற்குச் சரியான பாடம். நீலநிறத்தில் மின்னும் அந்த மரச்சிலந்தியை 1899இல் விலங்கியலாளர் போகாக் விவரித்தார். கிடைத்த இடம் ஆந்திரத்துக் கூட்டியின் ரயில்வே மரக்கிடங்கு. பின்னால் தேடியவர்களுக்கு அங்கே அது அகப்படவில்லை. 2001இல் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் கண்டார்கள். விறகோடு ரயிலேறி வந்த ஒரு சிலந்தியின் இறங்குமிடம் அதன் ஊராகப் பதிவாகிவிட்டது என்றே இன்று கருதுகிறார்கள்.

பிழை தவறுதலாகவே வரவேண்டும் என்பதில்லை. காட்டுச் சிற்றாந்தை ஒன்றை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து, சீட்டை மாற்றி, 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தானே பிடித்ததாகக் காட்டினார் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. அந்தப் பொய்யை நம்பியவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள். பொய்யை அவிழ்த்த பறவையியலாளர் பமீலா ராஸ்முஸன் குழுவினர், உண்மையான சீட்டுகள் காட்டிய நிலத்துக்குப் போய் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தையைக் கண்டார்கள். ஒரு பொய்ச் சீட்டு ஒரு பறவையைப் பல பத்தாண்டுகள் மறைத்துவைத்திருந்தது.

இன்று பொய்யைவிட அவசரம்தான் அதிகம். கைப்பேசியில் ஒரு படம், ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஒரு பெயர், உடனே ஒரு குறிப்பு. பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் பெரும்பாலும் படம் போதும். நெமாஸ்பிஸ் பல்லிக்குப் போதாது. தொடையடியில் உள்ள துளைகளை எண்ண வேண்டும், செதில் வரிசை பார்க்க வேண்டும், பல நேரம் மரபணுவும் வேண்டும். மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி தேவை. அது எளிதில் கிடைப்பதில்லை. புனிதமலையில் ஓர் உயிரைக் கொன்று குப்பியில் இட வேண்டுமா என்ற கேள்வியும் இங்கே வெறும் உணர்ச்சி அன்று; அதை நான் மதிக்கிறேன். வால்நுனித் திசுவும் பல கோணப் படங்களும் பல இடங்களில் போதுமானவை. அவையும் இல்லாதபோது ‘இந்தப் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று’ என்று நிறுத்திக்கொள்ள எழுதுபவருக்கு மனம் வர வேண்டும். இனப்பெயர் போட்டால்தான் இதழ் ஏற்கும், இதழில் வந்தால்தான் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்காகும் என்ற நிலை அதற்கு இடம் தருவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறையாக எனக்குத் தோன்றுவது, தேடிக் கிடைக்காததை யாரும் எழுதாதது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி எடுத்த படங்கள் குவியும். மலையின் உட்சரிவுகள் வெற்றிடமாக நிற்கும். பதிவுகளை வரைபடத்தில் இட்டால் விலங்கின் எல்லையைவிடச் சாலையின் வடிவம்தான் தெரியும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தப் பருவத்தில், எந்தச் சரிவில் தேடினார்கள் என்று எழுதாத குறிப்பை வைத்து அருமையானது எது, அழிவது எது என்று சொல்ல முடியாது.

அண்ணாமலையில் இது ஏட்டுக் கேள்வியன்று. 1980களின் இறுதியிலிருந்து அந்த மொட்டைச் சரிவுகளில் மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, காட்டை மீட்டுவருகிறார்கள் தன்னார்வலர்கள். போற்றத்தக்க உழைப்பு. நிழல் கூடியபின் ஒரு காட்டுப் பறவை வந்தால் ‘புதிய பதிவு’ என்று மகிழ்கிறோம், மகிழ வேண்டியதுதான். வெயிலும் புல்லும் வெறும்பாறையும் வேண்டிய உயிர்கள் என்ன ஆயின என்று கேட்க, நடுவதற்கு முன் எடுத்த கணக்கு வேண்டும். வரவை மட்டும் எழுதும் வழக்கம் போனதைச் சொல்லாது.

வேறு விதமாகச் செய்யலாம் என்பதற்கு ஜெர்டன் ஓடுபறவை உதாரணம். 1848இல் விவரிக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குப் பின் மறைந்துபோனதாக நினைத்த பறவை. 1986இல் கடப்பைப் பகுதியில் மும்பைக் கழகத்தின் பரத் பூஷண் அதை மீட்டெடுத்தார். பறவையின் படத்தைக் காட்டி ஊர் ஊராக விசாரித்தபின், பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரால்தான் அது கைக்குக் கிடைத்தது. அத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு தலைப்புச் செய்தியே. இன்று தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிவரும் ப. ஜெகநாதன் முதலியோர் பல ஆண்டுகள் அதே புதர்க்காட்டில் தங்கி, மண்பட்டைகள் இட்டுக் காலடித் தடம் பார்த்து, தானியங்கிக் கேமரா வைத்து, எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் அளந்தார்கள். சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைக் கால்வாய் அதன் வாழிடத்தை வெட்டியபோது, அந்த அளவீடுதான் பாதையை மாற்றக் கேட்கும் வலுவைத் தந்தது.

அந்த உள்ளூர்க்காரரைப் போன்றவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும், அடிவாரத்து இருளரும், ஆடு மேய்ப்பவர்களும் அறிந்த முள்ளெலியும் மூஞ்சூறணிலும் நகரத்திலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்த நாளில்தான் ‘முதன்முறையாக’ப் பிறக்கின்றன. அவர்கள் பெயர் பெரும்பாலும் நன்றியுரையின் கடைசி வரியில்கூட இருப்பதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு கேட்கிறது. அந்தப் பதிவேட்டையும் ஆய்விதழ்க் குறிப்பையும் இணைத்தால் ஊராருக்கும் ஆய்வாளருக்கும் நன்மை. விரும்புகிறவரைக் குறிப்பின் ஆசிரியர்களில் ஒருவராகவே சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் வெளியே சொல்லாதிருக்க வேண்டும்: துல்லியமான இடம். கூட்டிச் சிலந்தி உலகச் செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோவதால், அதன் பேரினம் முழுவதையும் 2019இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளி வரை அச்சிடும் பழக்கம் வாலஸ் கேட்ட துல்லியம்தான். ஆனால் அவர் காலத்தில் அந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டி நேரே பொந்துக்கு வந்து நிற்கும் வியாபாரி இல்லை. அச்சில் மலையின் பெயரும் உயரமும் வாழிட வகையும் போதும். முழு எண்ணைச் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் வனத்துறையிலும் ஒப்படைத்து, தக்க காரணத்தோடு கேட்கும் ஆய்வாளருக்கு மட்டும் தரலாம். ஐநேச்சுரலிஸ்ட் அழிவபாய இனங்களுக்கு இடத்தை மங்கலாக்கிக் காட்டுகிறது. இ-பேர்டும் சில பறவைகளை மறைக்கிறது. செயலிகள் செய்வதை ஆய்விதழ்களும் விதியாக்க வேண்டும், மாவட்டப் பெயரைத் தலைப்பில் போடுவதை அவை நிறுத்துகிற அதே நாளில்.