மடோல் தீவில் இரண்டு பிள்ளைகள்

மார்ட்டின் விக்கிரமசிங்ஹவின் ‘மடோல் தூவ’ 1947இல் சிங்களத்தில் வெளிவந்த சிறுவர் நாவல். ‘மடோல் தீவு’ என்று தமிழில் அதை முதன்முதலாக வாசித்தபோது நான் தரம் ஏழில் இருந்தேன். எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதிலுள்ள ஒரு பெயர்: ஜின்னா. ‘எங்கட ஆள் ஒருத்தன் கதைக்குள்ள வந்தீக்கான்’ என்று கூட்டாளிமாரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஜினதாச, ஜினபால போன்ற பெயர்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பெயர் அது என்று விளங்கியபோது கொஞ்சம் ஏமாற்றந்தான்.

முப்பது வருடத்திற்குப் பிறகு, மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக நூலை மறுபடியும் எடுத்தேன். கதை பலருக்குத் தெரிந்ததுதான். தாயை இழந்த உபாலி குறும்புக்காரன். வீட்டோடும் சிற்றன்னையோடும் ஒத்துப்போகாமல், கடைசியில் ஜின்னாவையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். இருவரும் ஒரு கமக்காரரிடம் வேலை செய்கிறார்கள். பிறகு, பேய் இருக்கிறது என்று ஊர் பயந்து ஒதுக்கிய தீவிலே காடு வெட்டிப் பயிர் செய்கிறார்கள். தரம் ஏழில் நான் உபாலியாகவே இருந்தேன். இந்த முறை என்னால் அப்படி இருக்க முடியவில்லை. ஜின்னா அந்த வீட்டு வேலைக்காரப் பையன் என்பது இப்போதுதான் உறைத்தது. நூலில் அது மறைத்து வைக்கப்பட்ட விடயமல்ல. நான்தான் அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

உபாலி வீட்டை விட்டு ஓடுவது ஒரு கலகம். ஜின்னாவுக்கு அது என்ன? தன் வீட்டை விட்டு அடுத்தவர் வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை அவன். கதை தொடங்கும்போதே ஓர் ஓட்டத்தை முடித்தவன். உபாலி பிழை செய்தால் தகப்பனிடம் அடி வாங்குவான். அடித்தாலும் அவன் மகன்தான். ஜின்னாவின் பிழைக்கு அந்தக் காப்பு இல்லை. கதை முழுவதையும் உபாலியே ‘நான்’ என்று சொல்வதால், ஜின்னா என்ன நினைத்தான் என்பது எமக்குக் கிடைப்பதில்லை. அவனுடைய துணிச்சலும் விசுவாசமும் மட்டுமே கிடைக்கின்றன.

இதற்காக விக்கிரமசிங்ஹவைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அவர் பிறந்த கொக்கல ஊர் மக்கள் 1942இல் பிரித்தானிய விமானப்படைத் தளத்துக்காக வெளியேற்றப்பட்டார்கள். ஊர் போய் ஐந்து வருடத்தில் வந்த நாவல் இது. இழந்த ஊரை நினைப்பவனுக்கு அங்கிருந்த எல்லோரும் இனியவர்களாகவே தெரிவார்கள். ஆனாலும் தீவில் உபாலியும் மண் வெட்டுகிறான், வியர்வை சிந்துகிறான். எசமான் வீட்டுப் பிள்ளை, வேலைக்காரப் பிள்ளை என்ற வேறுபாடு மெலிவது அங்கேதான். இடையில் வீட்டுக்குப் போனாலும் உபாலி தீவுக்கே திரும்பி வருகிறான். சிறுவருக்கான ஒரு நூல் இவ்வளவு சொன்னது பெரிய காரியம். சொல்லாமல் விட்டதைக் கேட்கும் வேலை வாசகருடையது.

கேட்கத் தொடங்கினால் நூல் எமது வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. நான் ‘மடோல் தீவு’ வாசித்த நாட்களில் எங்கள் வீட்டிலும் ஒரு பையன் வேலைக்கு நின்றான். எனக்கு இரண்டு வயது மூப்பு இருக்கும். மாலையில் என்னோடு பந்து விளையாடுவான். சாப்பாடு மட்டும் குசினியில். நான் புத்தகத்தோடு திண்ணையில் இருக்க, அவன் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பான். ஒரு நாளும் அந்தப் புத்தகத்தை அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை. போன மாதம் உம்மாவிடம் அவனுடைய பெயரைக் கேட்டேன். ‘அது மறந்து பெய்த்து மகன்’ என்றார். எனக்கும் ஞாபகம் இல்லை. கதையில் வந்த ஜின்னாவின் பெயர் மட்டும் மறக்கவேயில்லை.

2021இல் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆகச் சட்டப்படி உயர்த்தப்பட்டது. நல்லது. ஆனால் சட்டம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்தக் கேள்வி எங்கள் பாடசாலை நூலகங்களின் சிறுவர் அலுமாரியில் இருந்தது. சிறுவர் நூல்களை ‘சின்னப் பிள்ளைகளின் சாமான்’ என்று பெரியவர்கள் ஒதுக்குவதால் வரும் நட்டம் இதுதான். சிறுவனாக வாசித்தபோது அந்த நூல் எனக்கு ஒரு தீவைத் தந்தது. அந்தச் சந்தோசம் பொய்யல்ல, இப்போதும் குறையவில்லை. அந்தத் தீவில் என்னோடு யார் இருந்தார் என்பதைக் காண எனக்கு இரண்டாவது வாசிப்பு தேவைப்பட்டது.

வாசித்து முடித்ததும், உபாலி வீட்டுக்குப் போன நாட்களை ஜின்னா சொல்வதாக ஒரு பக்கம் எழுதி வரும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். அனேகமானோர் பேய் பற்றியும் முதலை பற்றியும் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுதியிருந்தாள்: ‘அவன் திரும்பி வந்தா கூட்டாளியா வருவானா, தொரையா வருவானா எண்டு எனக்குத் தெரியல்ல.’

எழுத்துப்பிழை திருத்தும் சிவப்புப் பேனையை அந்தப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.