அழுத்தினாலே வழுக்கும்!

எஃகு உருண்டையை அலுமினியத் தகட்டின் மேல் வைத்து நேர் கீழாக அழுத்துகிறோம். பக்கவாட்டில் துளிகூடத் தள்ளவில்லை. ஆனாலும் தொடுமிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிறது! கணினித் திரையில் இதை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இதே பித்துதான்.

இரண்டும் எஃகு என்றால் வம்பே இல்லை. இரு பரப்பும் ஒரே அளவு நகரும். ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1882-இல் வெளியிட்ட சூத்திரமே போதும். (வானொலி அலைக்குப் பேர்போன அதே ஹெர்ட்ஸ்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில், 23 வயதில் போட்ட கணக்கு. பொறாமையாக இருக்கிறது!) பொருள் மாறினால்தான் வேடிக்கை. எஃகின் விறைப்பு சுமார் 210 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70தான். அழுத்தும்போது இரண்டின் மேற்பரப்பும் மையம் நோக்கி நகரும். அலுமினியம் கூடுதலாக நகரப் பார்க்கும். உராய்வு விடாது. நடுவில் அழுத்தம் அதிகம், பிடி இறுகுகிறது. விளிம்பில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்குவதால் பிடி நழுவுகிறது. நடுவே ஒட்டிய வட்டம், சுற்றிலும் வழுக்கும் வளையம். என்ன அழகு!

இந்த வளையத்தை ஸால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் கணினி நிரல்) கண்டுபிடிக்கும் விதம் அதைவிடச் சுவாரசியம். கூலுமின் உராய்வு விதி கறாரானது: உரசும் விசை எல்லைக்குள் இருந்தால் ஒட்டு, எல்லையைத் தொட்டால் வழுக்கு. எந்தப் புள்ளி எந்தக் கட்சி என்பது விடை வந்தால்தான் தெரியும். அது தெரிந்தால்தான் விடையே வரும். ஆகவே ஸால்வர் ஊகிக்கிறது, சரிபார்க்கிறது, கட்சி மாறிய புள்ளிகளை வைத்து மறுபடி கணக்கிடுகிறது. பிழை எண் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கும்போது கிரிக்கெட்டின் கடைசி ஓவர் தோற்றது! தொடுதலைக் கணக்கில் கொண்டுவரும் பெனால்டி முறையில் இரு பரப்புக்கும் நடுவே கற்பனை ஸ்பிரிங் வைக்கிறோம். அது தளர்வாக இருந்தால் உருண்டை தகட்டுக்குள் புகுந்துவிடும். மிதமிஞ்சி விறைத்தால் கணக்கு முடிவுக்கே வராது. இந்த இழுபறியில்தான் ஆளின் கைப்பக்குவம் தெரியும்.

பக்கவாட்டில் தள்ளினால் இன்னொரு விருந்து. கட்டானியோ என்பவர் 1938-இலும், அவருடைய வேலையை அறியாமலே மின்ட்லின் என்பவர் 1949-இலும் ஒரே பொருளாலான உருண்டைகளுக்கு விடை கண்டார்கள். உராய்வு எல்லையில் பாதி விசையால் தள்ளினால், ஒட்டிய வட்டத்தின் ஆரம் தொடுவட்டத்தின் ஆரத்தில் சுமார் 79 சதவீதம். என் மெஷ்ஷிலும் (கணக்குக்காகப் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) ஏறக்குறைய அதே எண் வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. இப்படிப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஆட்டிய உருண்டைகளில் அந்த வளையம் தேய்மானத் தடமாகவே பதிகிறது. ஜெட் என்ஜின் பிளேடின் அடிப்பகுதி பொருந்துமிடத்தில் விரிசல் தொடங்குவதும் பல சமயம் இத்தகைய நுண்வழுக்கலால்தான்.

இந்தக் கணக்கைப் போட கால்குலிக்ஸ் என்ற மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், மியூனிக்கின் எம்.டி.யு. விமான என்ஜின் நிறுவனப் பொறியாளர்கள் எழுதியது. போட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் ஜெட் என்ஜினுக்குத் தாவ வேண்டாம், உருண்டையும் தகடும் போதும். விளிம்பை ஒட்டி மட்டும் மெஷ்ஷை நுணுக்கமாகப் போடுங்கள். முரட்டு மெஷ்ஷில் அந்த வளையம் கண்ணில் படவே படாது.