முத்தோரைச் சரிவும் இளம் பொறியாளரும்

பொறியியல் முடிக்கும் மாணவருக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகளில் முதலிடம் பிடிப்பது, நாலு பேரைத் தெரிந்துவைத்துக்கொள் என்பது. லிங்க்டினில் பக்கம் திற, கருத்தரங்குக்குப் போ, தொழில்முறைச் சங்கத்தின் மாணவர் கிளையில் சேர், மூத்தவர்களிடம் உன்னை அறிமுகப்படுத்திக்கொள், கிடைத்த சான்றிதழ்களை எல்லாம் சேர்த்துவை என்று அது நீள்கிறது. கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலை தேடி இறங்கும் பெண்ணுக்கும், கூடலூரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்து ஏறும் பையனுக்கும் இதே பாடம்தான் சொல்லப்படுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை இதில் பிசகியிருக்கிறது என்பது என் வாதம். ஒரு பொறியாளருக்குக் கடைசிவரை கைகொடுக்கும் தொடர்புகள் பெரும்பாலும் பொறுப்பான ஒரு வேலையை மற்றவர்களோடு சேர்ந்து செய்ததால் உண்டானவை. அந்த வேலையைக் கொடுக்க வேண்டியவை நிறுவனங்கள். அவை அதைச் செய்யத் தவறும்போது, ஆள் பிடிக்கும் சுமை மட்டும் இருபத்திரண்டு வயதுக்காரர் தலையில் ஏறுகிறது. இந்த வாதத்தை உரசிப் பார்க்க நீலகிரி நல்ல களம். இளம் பொறியாளர்களை உலகறிய வளர்த்த இடமும், தான் வளர்த்தவர்களைப் பின்னர் நடுவழியில் விட்ட இடமும் உதகமண்டலத்தைச் சுற்றிச் சில மைல்களுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் இடம் முத்தோரைக்கு அருகே உள்ள ரேடியோ தொலைநோக்கி. அதன் கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1953இல் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் கோவிந்த் ஸ்வரூப் என்ற இளைஞர் சிட்னிக்குப் போனார். அங்கே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் ஆறடி விட்டமுள்ள 32 கிண்ண ஆன்டெனாக்களைக் கொண்டு சூரியனை ஆராயும் கருவி ஒன்று இருந்தது. அதில் அவர் கைப்பட வேலை செய்தார். அந்த ஆன்டெனாக்களுக்கு அங்கே தேவை முடிந்தபோது, அவற்றை இந்தியாவுக்குத் தரலாமா என்று தன் மேலாளர் ஜோசப் பாசியிடம் கேட்டார். அவை நன்கொடையாக வந்து சேர்ந்தன. பல ஆண்டுகள் கழித்து, 1961இல் அமெரிக்காவின் பெர்க்லியில் நடந்த சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மாநாட்டை ஒட்டி, வெளிநாடுகளில் பணியாற்றிய ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகிய நால்வரும் நாடு திரும்பி ஒரே குழுவாக இயங்குவது பற்றிப் பேசினார்கள். பிறகு இந்திய நிறுவனங்களுக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஹோமி பாபா 1962 தொடக்கத்தில் இசைவு தெரிவித்தார். 1963இல் ஸ்வரூப் மும்பை வந்தார். தொடர்புகளின் மதிப்பைச் சொல்ல இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஒரு மாநாட்டுச் சந்திப்பு இல்லாவிட்டால் அந்தக் குழுவே இல்லை. ஆனால் அந்த நால்வரும் முகவரி அட்டை பரிமாறிக்கொண்ட அந்நியர்களாக அங்கே சந்திக்கவில்லை. ஒருவர் செய்த ஆய்வை மற்றவர் அறிந்திருந்தார். பாசி ஆன்டெனாக்களைக் கொடுத்ததும், அவற்றை வைத்து இந்த இளைஞர் என்ன செய்வார் என்பதை இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான்.

மும்பைக்கு அருகே கல்யாணில் அந்த 32 ஆன்டெனாக்களும் 1965இல் நிறுத்தப்பட்டன. ஸ்வரூபிடம் வந்து சேர்ந்த இளைஞர்களில் பலருக்கு ரேடியோ தொலைநோக்கி என்பது படித்தறிந்த பொருள்கூட இல்லை. விஜய் கபாஹி போன்றவர்கள் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள். கல்யாணில் அவர்கள் ஏற்பிகளைக் கட்டி, கம்பிகளை இணைத்து, தவறுகளைத் திருத்திக் கற்றார்கள். அடுத்த வேலை உதகையில். இந்தியாவின் தென்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதை ஸ்வரூப் ஒரு வாய்ப்பாகக் கண்டார். சுமார் 11 பாகை அட்சரேகையில், வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்வுள்ள ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அதன் மேல் படுக்கவைக்கும் நீண்ட உருளைவடிவ ஆன்டெனாவின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும். அப்போது ஒரே ஒரு அச்சில் அதைச் சுழற்றினாலே ஒரு விண்பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். அப்படிப்பட்ட சரிவு முத்தோரையில் கிடைத்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளைவுச் சட்டங்கள், முகப்பாக நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் எனத் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. கட்டுமானத்தின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே நடந்தது. நிலவு ஒரு விண்பொருளை மறைத்துக் கடக்கும் கணங்களை அளந்து, தொலைதூர ரேடியோ மூலங்களின் நுண்ணிய வடிவை அங்கே கண்டார்கள். 1980களில் இதனோடு சிறிய ஆன்டெனாக்களை இணைத்து விரிவாக்கிய அனுபவமும், கம்பிகளை முகப்பாக்கிய சிக்கனமும் பின்னர் புணே அருகே கோடத்தில் எழுந்த, 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கிக்கு அடித்தளமாயின. இளைஞராகச் சேர்ந்த கபாஹி பிற்காலத்தில் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்துக்கே தலைமை ஏற்றார்.

அங்கே இளைஞர்களை வளர்த்தவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு தெரியாத, உண்மையான ஒரு சிக்கல் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. பிழை செய்தால் பக்கத்திலேயே சரிபார்க்க மூத்தவர் இருந்தார். முடிவுகள் உலகின் மற்ற குழுக்கள் படிக்கும் இதழ்களில் வெளிவந்ததால், அவர்கள் யார் என்பதை வேலையே வெளியில் சொல்லியது. இந்த மூன்றாவது கூறு இல்லாமல் முதல் இரண்டும் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் போதாது. அதற்கும் உதகையிலேயே சான்று இருக்கிறது.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு, புகைப்படப் படலமும் எக்ஸ்ரே படலமும் செய்த பொதுத்துறை ஆலை அது. இந்து நகர் என்ற குடியிருப்பே அதைச் சுற்றி எழுந்தது. இருட்டறையில், தூசு ஒன்று விழாமல், வெள்ளி உப்புக் கலவையைப் படலத்தின் மேல் சீராகப் பூசுவது மிக நுட்பமான பொறியியல். அதைக் கற்றவர்களின் திறமையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தத் திறமைக்கு நாட்டில் வேறு மதிப்பவர் கிட்டத்தட்ட இல்லை. 1990களில் இறக்குமதி திறக்கப்பட்டது, நிறுவனம் 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, பின்னால் வந்த டிஜிட்டல் ஒளிப்படம் சந்தையையே விழுங்கியது. மூடுவதென்று மத்திய அமைச்சரவை 2014இல் முடிவெடுத்தது. வேலை இருந்தது, மூத்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆலையில் கற்றதை மருந்து, பூச்சு, மின்னணுத் துறைகளுக்குப் பெயர்த்துக் கொண்டுபோகும் வழி மட்டும் பலருக்கு அமையவில்லை. வெளியுலகத் தொடர்பே தேவையில்லை, உழைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இந்து நகரின் கதையைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆலைக்குள்ளேயே பிறந்து ஆலைக்குள்ளேயே முடியும் தொடர்பு, ஆலையோடு போய்விடுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலை கிடைக்க நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களே அதிகம் உதவுகின்றன என்று காட்டியது. பாஸ்டன் புறநகர் ஒன்றில் தொடர்புகள் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, உதவியவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். லிங்க்டினில் சுமார் 2 கோடிப் பேரிடம் நடத்தி 2022இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே உறுதிசெய்தது. ஓரளவு தளர்ந்த அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் துணைபுரிந்தன. ஆகவே அறிமுகங்களைப் பெருக்கு என்ற அறிவுரை அறிவியல்பூர்வமானது என்று வாதிடலாம். ஆனால் கிரானோவெட்டர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். அந்தத் தளர்ந்த அறிமுகங்களில் அவர் எடுத்துச் சொல்பவர்கள் பழைய கல்லூரித் தோழர், முன்பு உடன் வேலை செய்தவர், முன்னாள் முதலாளி. இவர்கள் ஒருகாலத்தில் பக்கத்தில் இருந்து, இந்த ஆள் எப்படி வேலை செய்வார் என்று பார்த்தவர்கள். உறவு இப்போது தளர்ந்திருக்கிறது, அறிந்த உண்மை தளரவில்லை. ஒருமுறை கைகுலுக்கியவருக்கும், பொத்தானை அழுத்தி இணைந்தவருக்கும் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. முதல் வேலையையே பார்க்காத மாணவரிடம் ஐந்நூறு இணைப்புகள் இருந்தாலும், அவருக்காகப் பேசக்கூடியவர் அவற்றில் எத்தனை பேர்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது, நான் அதை முழுவதும் மறுக்க மாட்டேன். முத்தோரையின் குழு சிறியது. நாடு முழுவதிலுமிருந்து மிகச் சிலரையே தேர்ந்தெடுத்த வாயில் அது. ஸ்வரூப் என்ற ஒரு மனிதரின் பிடிவாதமும் பாபாவின் நம்பிக்கையும் அரசின் பணமும் ஒன்றுகூடியதால் நடந்தது. அதை எல்லோருக்கும் பொதுவான முறையாக்க முடியாது. அந்த வாயில் எங்கே இருக்கிறது என்பதை அறியவே ஒருவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் தாயின் மகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பத்தின் மகன், படுகர் ஊர் ஒன்றிலிருந்து முதன்முதலாகப் பொறியியல் படித்தவர் ஆகியோருக்கு மாமாவோ பெரியப்பாவோ பொறியாளராக இருப்பதில்லை. இணையத் தொடர்பு அவர்களுக்கு முன்பு இல்லாத கதவைத் திறக்கிறது, இதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். என் குறை, அந்தக் கதவுக்கு அப்பால் என்ன வைத்திருக்கிறோம் என்பதில்தான். பணம் கட்டி வாங்கும் சான்றிதழ், பெயருக்கு நடக்கும் கருத்தரங்கு, வருகைப் பதிவோடு முடியும் தொழிற்சாலைப் பார்வை ஆகியவற்றால் வசதியுள்ள மாணவருக்கு இழப்பு அதிகமில்லை. அவர் வீட்டில் வேறு வழி இருக்கிறது. இழப்பு முழுவதும் கடன் வாங்கிப் படித்தவருக்கு.

சட்டம் இதற்கு ஒரு விடையை எப்போதோ எழுதிவைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973 திருத்தத்தால் பட்டதாரி, பட்டயப் பொறியாளர்களையும் உள்ளடக்கியது. உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி அதில் கிடைக்கிறது. தெரிந்தவர் இல்லாத இளைஞரையும் ஆலைக்குள் கொண்டுபோகும் ஏற்பாடு என்ற அளவில், இன்றைய நெட்வொர்க்கிங் பழக்கம் முழுவதையும்விட அது நேர்மையானது. அதன் பலவீனம், பழகுநர் உள்ளே வந்ததை உறுதிசெய்யும் அளவுக்கு, உள்ளே என்ன செய்தார் என்பதை அது துருவிக் கேட்பதில்லை. ஓராண்டைக் கோப்பு அடுக்கியே கழித்தவருக்கும், பழுதான எந்திரத்தின் காரணத்தைத் தேடிக் கண்டவருக்கும் ஒரே விதமான சான்றிதழ். அருவங்காட்டின் நூற்றாண்டு கடந்த வெடிமருந்து ஆலை போன்ற பாதுகாப்புத் துறை இடங்களில் செய்த வேலையை வெளியில் காட்டவும் முடியாது. அங்கே மூத்த பொறியாளர் கையெழுத்திட்டு எழுதும் மதிப்பீடு ஒன்றுதான் அந்த இளைஞருக்காகப் பேச முடியும்.

சிறிய இடங்களின் நிலை வேறு. நீலகிரியின் பச்சை இலை வாங்கித் தேயிலை செய்யும் ஆலைகளில் கொதிகலன், இலை வாடவைக்கும் தொட்டி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகள், உலர்த்தி, நிறம் பிரிக்கும் எந்திரம் என்று ஒரு பொறியாளர் கற்க ஏராளம் உண்டு. ஆனால் ஓர் ஆலையில் ஒருவர்தான் இருப்பார். சரிபார்க்க மூத்தவர் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க சக பொறியாளரும் இல்லை. விறகுச் செலவு ஏன் பக்கத்து ஆலையில் குறைகிறது என்ற கேள்வியை யாரிடம் கேட்பார்? தொடர்பு உண்மையிலேயே வேலைக்கு உயிர் கொடுக்கும் இடம் இதுதான். 1893 முதல் இயங்கி, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி, தோட்ட முதலாளிகளை ஒன்றுகூட்டிப் பழகிய அமைப்பு. ஆலைகளின் இளம் பொறியாளர்களையும் கேத்தியில் உள்ள சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி மாணவர்களையும் ஒரே பழுதின் முன்னால், ஒரே உலர்த்தியின் முன்னால் உட்காரவைக்க அதனால் முடியும். போட்டி ஆலைகள் ரகசியத்தை விட்டுக்கொடுக்குமா என்று கேட்பார்கள். கலவையின் ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. கொதிகலனின் வெப்ப இழப்பில் ரகசியம் ஏதுமில்லை.

பெரிய வாய்ப்பு ஒன்றும் இப்போது இதே மலையில் எழுந்துவருகிறது. போர்த்திமந்து நீர்த்தேக்கத்தையும் அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கத்தையும் இணைத்துக் கட்டப்படும் குந்தா நீரேற்று மின்திட்டத்துக்கு, தலா 125 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள். இது போன்ற கட்டுமானம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதே அரிது. சுரங்கம், மின்னாக்கி, கட்டுப்பாட்டு அமைப்பு என ஒவ்வொரு பிரிவிலும் இந்த மாவட்டத்தின் இளம் பொறியாளர்களைப் பழகுநர்களாகச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பை ஒப்படைத்து, அவர் செய்ததை மூத்தவர் எழுத்தில் பதிந்து கொடுக்க மாநில மின்துறையும் ஒப்பந்த நிறுவனங்களும் முன்வர வேண்டும். எந்திரங்கள் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பைத் திரும்பக் கேட்க முடியாது.