எஞ்சினைக் கழற்றும் முன் பல்ப்பைப் பிடித்துப் பாருங்கள்

கொட்டியாரக்குடாவில் எஞ்சின் நின்றால் நங்கூரம் கைகொடுக்காது. மகாவலி வந்து விழும் அந்தக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றருக்கு இறங்கிவிடும், கயிறு எட்டாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் நின்றுபோன வள்ளத்தைக் காற்று வெளிக்கடலுக்கே தள்ளும். தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு றப்பர் பல்ப்பைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்தில் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பல்ப் புதிதல்ல. எஞ்சின் கயிற்றை இழுக்கும் முன் ஏழெட்டுத் தடவை அமுக்குவார்கள். கல் மாதிரி இறுகியதும் விட்டுவிடுவார்கள். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஒருவழி வால்வு இருக்கிறது. அமுக்கினால் எண்ணெய் எஞ்சின் பக்கம் மட்டும் போகும். கையை எடுத்தால் தாங்கிப் பக்கமிருந்து மட்டும் இழுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு அதன் சொந்தப் பம்ப் வேலையை எடுத்துக்கொள்கிறது. யமஹா என்டியூரோ 40 போன்ற, 703 சிசி கொண்ட இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், கிராங் அறைக்குள் மாறி மாறி எழும் அழுத்தம் ஒரு மெல்லிய சவ்வை அசைக்கிறது. அந்த அசைவுதான் எண்ணெயை இழுக்கிறது. சவ்வு கட்டைவிரல் நகத்தைவிட அதிகம் தடிப்பில்லை. அதற்கு முன்னால் வழியில் எங்கு காற்று நுழைந்தாலும் அதனால் ஈடுகொடுக்க முடியாது.

எஞ்சின் நிறுவனத்தின் பெயரோடு வரும் அசல் பல்ப்பையும், கடையில் பெயரில்லாமல் தொங்கும் மலிவுப் பல்ப்பையும் வள்ளத்தில் பூட்டிப் பார்த்தேன். விலை வித்தியாசம் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருக்கிறது. வாங்கிய நாளில் இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. மலிவுப் பல்ப்பின் றப்பர் இன்னும் தடிப்பு; பிடிக்கும்போது உறுதியாகவே தெரியும். ஆனால் றப்பரின் தடிப்பைப் பார்த்து வாங்குவது வீண். பல்ப்பின் உயிர் அந்த இரண்டு வால்வுகளில்தான் இருக்கிறது. எண்ணெய் படாத புதுப் பல்ப்பின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதுங்கள். அம்புக்குறி காட்டும் திசையில் காற்று தாராளமாகப் போக வேண்டும், மறுபுறம் ஊதினால் துளியும் போகக்கூடாது. மலிவுப் பல்ப் கொஞ்ச நாளிலேயே மறுபுறமும் மெதுவாகக் காற்றை விட ஆரம்பித்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கில் துரு ஏறியிருந்தது. உப்புக்காற்றும் தாங்கிக்குள் இறங்கும் தண்ணீரும் சேர்ந்தால் அந்தச் சின்னக் கம்பி எத்தனை நாள் தாங்கும்? அசல் பல்ப்பில் அந்தக் குறை இல்லை. வெயிலில் மட்டும் இரண்டுமே ஒன்றுதான்: அச்சில் வார்த்த கோட்டோரம் மயிரிழை வெடிப்பு வந்துவிடுகிறது. வள்ளம் கரையில் ஏறியதும் குழாயோடு கழற்றி நிழலில் போட்டால் ஆயுள் கூடும்.

எண்ணெய் வரவில்லை என்றதும் நம்மவர் கை முதலில் போவது காபரேற்றருக்கு. அது வேண்டாத வேலை. கிண்ணியாவில் வள்ளம் ஓட்டும் ஒரு காக்கா எனக்குச் சொன்னது: “கையில அமத்திப் பாருங்க தம்பி. இறுகி வரல்ல எண்டா எங்கயோ காத்து இழுக்குது.” பாதி நோயை அந்த ஒரு சோதனையே சொல்லிவிடும்.

எத்தனை தடவை அமுக்கினாலும் பல்ப் தொளதொளவென்றே இருந்தால் தாங்கியிலிருந்தே பார்த்து வாருங்கள். எண்ணெய் இருக்கிறதா, உறிஞ்சு குழாய் அடிவரை இறங்குகிறதா, இணைப்பில் உள்ள ஓ-ரிங் நசிந்திருக்கிறதா? சைக்கிள் ரியூப் துண்டாலும் கட்டுக்கம்பியாலும் இறுக்கிய மூட்டுகள்தான் பெரும்பாலும் குற்றவாளி. கம்பி குழாயை வெட்டும். ரியூப் துண்டு எண்ணெயில் ஊறித் தளரும். எவர்சில்வர் கிளிப் போட்டால் இந்தத் தலையிடி போகும். பல்ப்பைப் பிடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும்: அம்புக்குறி மேல்நோக்கி இருக்க நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் வால்வுகள் ஒழுங்காக உட்காரும். கிடத்தி அமுக்கிவிட்டு “பல்ப் போய்விட்டது” என்று கடைக்கு ஓடியவர்களைக் கண்டிருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தும் இறுகாமல் எஞ்சின் பக்கம் எண்ணெய் ஒழுகினால், காபரேற்றர் மிதவை ஊசி மூடவில்லை. அப்போதுதான் ஸ்பானரைத் தொட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்ப் சப்பையாகி ஒட்டிப்போனால் நிலைமை வேறு. எஞ்சின் இழுக்கிறது, தாங்கி கொடுக்கவில்லை. முதலில் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். தண்ணீர் தெறிக்கிறதென்று அதை இறுக்கி மூடியவர்கள்தான் கரையிலிருந்து சற்றுத் தூரம் போனதும் நிற்பார்கள். திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே இறங்கும் சத்தம் கேட்டால் காரணம் அதுவே. திருகு திறந்தே இருந்தால் உறிஞ்சு குழாயின் வலையில் குப்பை அடைத்திருக்கும். பழைய குழாய்களில் உள்தோல் பிரிந்து வழியை மூடுவதும் உண்டு. வெளியே பார்த்தால் குழாய் புதிதாகவே தெரியும்.

இரண்டு அமுக்கலிலேயே கல்லாக இறுகி, எஞ்சினோ உயிர் பிடிக்காவிட்டால் அடைப்பு எஞ்சின் பக்கம். இணைப்பு ‘டிக்’கென்று முழுதாக உட்கார்ந்ததா, பில்டர் அடைத்ததா, பல்ப்பின் வெளிவால்வு ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் பக்கத்து வள்ளத்துத் தாங்கியையும் குழாயையும் அப்படியே வாங்கிப் பூட்டுங்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் குறை உங்கள் குழாயில், ஓடாவிட்டால் எஞ்சினில். எந்த மெக்கானிக்கும் இதைவிட வேகமாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரருக்கு இன்னொரு சங்கதி. அந்த எஞ்சின் பெற்றோலில் கிளம்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறும். கரை நெருங்கும்போது மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் பெற்றோல் நிரம்பிய பின் நிறுத்த வேண்டும். அப்படியே மண்ணெண்ணெயில் நிறுத்திவிட்டால் அடுத்த நாள் விடிகாலையில் பல்ப் இறுகும், கயிறு இழுத்துக் கை நோகும், எஞ்சின் கிளம்பாது. பழியெல்லாம் பல்ப் மீது விழும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியதும், கிளப்புவதற்கான பெற்றோல்கூட வரிசையில் நின்றும் கிடைக்காத நாட்கள் இருந்ததும் இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மூட்டில் சொட்டும் ஒவ்வொரு துளியும் பணம். அது தீயும்கூட. வள்ளத்தின் அடியில் பெற்றோல் தேங்கியிருக்கும்போது பீடியோடு யாரையும் ஏற விடாதீர்கள்.

ஆகவே என் தெரிவு அசல் பல்ப்தான். இரண்டு எவர்சில்வர் கிளிப்பும் ஒரு திருப்புளியும் அதோடு வாங்குங்கள். மலிவுப் பல்ப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஊதிச் சோதித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, உபரியாக வள்ளத்தில் வைத்திருக்க அது போதும். உபரி ஒன்றுமில்லாமல் புறாத்தீவைத் தாண்டிப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடலில் பம்பின் சவ்வு கிழிந்துவிட்டால் அதே பல்ப்தான் பம்ப். ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் குந்தியிருந்து எஞ்சின் தடுமாறும்போதெல்லாம் அமுக்கிக்கொண்டே வரலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கரைவரை இழுத்துவிடும். அப்படி வந்து சேர்ந்த எஞ்சினைச் சவ்வு மாற்றாமல் மறுநாள் இறக்காதீர்கள். கிழிந்த இடத்தால் எண்ணெய் நேரே கிராங் அறைக்குள் போய்ச் சேரும். எஞ்சின் மூச்சுமுட்டி, இரண்டாம் முறை நடுக்கடலில் பல்ப்பை அமுக்கினாலும் கிளம்பாது.