பேரேட்டில் மட்டும் மிஞ்சிய கடிகாரம்

‘ஆர்டருக்கு எழுதினது இலக்கியமா?’ நம்ம ஊர் இலக்கியச் சந்திப்புகளில் அடிக்கடி வரும் கேள்வி. ஆண்டுவிழா மலருக்குக் கவிதை, போட்டித் தலைப்புக்குச் சிறுகதை என்றாலே முகம் சுளிக்கிறோம். இந்தக் கேள்வியை ஒரு கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1810 ஜூனில் நேபிள்ஸ் ராணி கரோலின் முரா, நெப்போலியனின் தங்கை, பாரிஸில் பட்டறை வைத்திருந்த ஆப்ரஹாம் லூயி ப்ரெகேயிடம் ஒரு கடிகாரம் கேட்டார். கடிகாரம் என்றால் சங்கிலியோடு பைக்குள் கிடப்பது என்றிருந்த காலம். அவர் கேட்டதோ காப்பில் பொருத்தும் நீள்வடிவக் கடிகாரம். விசையை அழுத்தினால் மணியடித்து நேரம் சொல்ல வேண்டும். 17 பேர் கைபட்டு, 1812 டிசம்பரில்தான் வேலை முடிந்தது. மெல்லிய உடல், பிறை காட்டும் வசதி, வெப்பமானி, தலைமுடியும் தங்க இழையும் சேர்த்துப் பின்னிய பட்டை. ஆவணமுள்ள கைக்கடிகாரங்களில் ஆகப் பழையது இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

ஆனால் இன்று யாரும் அதைப் பார்த்ததில்லை. 1849இல் ராணியின் மகள் பழுதுபார்க்கக் கொடுத்தார். 1855இல் மறுபடியும் பட்டறைக்கு வந்தது. அதன்பிறகு காணோம். எண் 2639 என்ற பேரேட்டுக் குறிப்புகள்தான் மிச்சம். தொலைந்த நூலை உரைகாரர் மேற்கோள்களில் தேடுவதுபோல் இதையும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி வாசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது, ராணி தன் ரசனையை மட்டும் சொல்லியனுப்பவில்லை என்பது. பட்டறைக்கு ஒரு சிக்கலைக் கொடுத்தார். ஓயாமல் அசையும் கையில், அவ்வளவு சின்ன இடத்தில், மணியடிக்கும் பொறியை எப்படி அடக்குவது? பழகிய கைகளும் புதிதாக யோசித்தாக வேண்டும்.

இன்று ‘கஸ்டம்’ கடிகாரம் என்றால் பல நேரம் டயலின் நிறம், முள்ளின் வடிவம், பின்மூடியில் பெயர், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது வேறொரு ஆலையில் மொத்தமாகச் செய்த இயந்திரம். வாங்கியவருக்குச் சந்தோஷம்தான், தப்பில்லை. ஆனால் செய்தவருக்குப் புதிய சிக்கல் எதுவும் கிடைக்கவில்லை.

மலர்க் கவிதை சப்பென்று போவதற்கும் இதுதான் காரணம் என்பேன். புறநானூற்றுப் புலவர்களும் பரிசில் வாங்கிப் பாடியவர்கள்தானே? அதனால் அந்தப் பாட்டுகள் கெட்டா போயின? இங்கே கேட்பவர் ஏற்கெனவே தெரிந்ததையே கேட்கிறார். நாமும் பட்டையின் நிறத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

ராணியிடம் பணம் இருந்தது, இரண்டரை வருஷம் காத்திருக்கவும் முடிந்தது. நம்மிடம் கேட்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கவிதை வேண்டும் என்கிறார்கள், சன்மானத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. இரண்டையும் நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவை கிடைத்தாலும், தலைப்புக்குள் ஒரு சிக்கலைக் கண்டுபிடிப்பது எழுதுபவன் வேலை. அது இல்லாமல், யாரும் கேட்காமலே எழுதிய கவிதையும் பெயர் பொறித்த பின்மூடிதான்.