உள நெகிழ்வை அளத்தல்: ஒரு வினாநிரலும் அதன் தமிழாக்கமும்

பல்கலைக்கழக மாணவரின் உளநலம் பற்றிய ஆய்வுகளில் 'உள நெகிழ்வு' என்னும் கருத்தாக்கம் இன்று பரவலாக இடம்பெறுகிறது. துன்பம் தரும் எண்ணங்கள் எழும்போது அவற்றோடு போரிடாமலும் அவற்றிற்கு அடிமையாகாமலும், தாம் மதிக்கும் செயலைத் தொடரும் ஆற்றலே இச்சொல்லால் குறிக்கப்பெறுகிறது. ஸ்டீவன் ஹேய்சும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய 'ஏற்பு - ஈடுபாட்டுச் சிகிச்சை'யின் மையக் கருத்து இது. இதனை அளக்க மிகுதியும் எடுத்தாளப்பெறுவது, பிராங்க் பாண்டும் பிறரும் 2011இல் வெளியிட்ட 'ஏற்பு - செயல் வினாநிரலின்' இரண்டாம் வடிவமாகும். ஏழு கூற்றுகள், ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 7 முதல் 49 வரை. தொகை உயர உயர நெகிழ்வின்மை மிகும் என்பர்.

இவ்வேழு கூற்றுகளும் ஒரே திசையில் அமைந்தவை. வேதனை நினைவுகள் வாழ்வைத் தடுத்தல், உணர்வுகளுக்கு அஞ்சுதல், கவலை வெற்றிக்கு இடையூறாதல் என அனைத்தும் துன்பத்தையும் அதன் தடையையுமே வினவுகின்றன. துன்பத்தின் நடுவிலும் ஒருவர் என்ன செய்தார் என ஒரு கூற்றும் வினவவில்லை. ஆகவே இடர் எதனையும் சந்தியாத மாணவர், இடர் பலவற்றினூடே கற்கும் மாணவரைவிட 'நெகிழ்வுடையவர்' எனக் கணக்கிடப்பட இடமுண்டு. பிறர் தம்மைவிட நன்றாக வாழ்வை நடத்துகின்றனர் என்னும் பொருளிலும் ஒரு கூற்று உண்டு. கடன் பெற்றுக் கட்டணம் செலுத்தி, தம் குடும்பத்தில் முதலாமவராகப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவி அதற்கு உடன்பட்டால், அது உள்ளத்தின் இறுக்கமா, உலகைப் பற்றிய சரியான கணிப்பா? கூட்டுத்தொகை இவ்வேறுபாட்டைக் காட்டாது. அவர்மீது முத்திரை மட்டும் விழும்.

இத்தகைய ஐயம் உளவியலாரிடமும் எழுந்ததே. இக்கூற்றுகள் ஏற்பைக் குறிக்கும் கூற்றுகளைவிடத் துயரைக் குறிக்கும் கூற்றுகளோடே நெருங்கி நிற்கின்றன என மார்ட்டின் வோல்காஸ்ட் 2014இல் காட்டினார். துயரை அளக்கும் கருவியால் நெகிழ்வை அளந்துவிட்டு, நெகிழ்வு குறைந்தோர்க்குத் துயர் மிகுதி என முடிவுரைப்பது, ஒரு பொருளை அதனோடே ஒப்பிட்டு வியப்பதாகும்.

தமிழுக்கு வரும்போது சிக்கல் பெருகுகிறது. 'நெகிழ்' என்பது தளர்தலையும் உருகுதலையும் சுட்டும். அகப்பாடல்களில் பிரிவால் தலைவியின் வளை நெகிழும்; பக்தி இலக்கியத்தில் அடியார் உள்ளம் நெகிழும்; இன்றும் 'மனம் நெகிழ்ந்தார்' எனின் கண் கலங்கினார் என்றே கொள்வோம். உணர்ச்சிவயப்படுதலைச் சுட்டும் சொல், உணர்ச்சி எழுந்தும் செயல் பிறழாமையைச் சுட்ட வருகிறது. 'தகவமைவு' என்றால் சூழலுக்கு அடங்கிப்போதலாகப் பொருள் சுருங்கும். ஆகவே ஆய்வேட்டில் வரையறையோடு 'உள நெகிழ்வு' என்றே ஆளலாம். மாணவர் கையில் தரும் தாளின் தலைப்பில் அச்சொல் இடம்பெறலாகாது.

சொல்லினும் தொடரமைப்பே முதன்மையானது. அச்சம் பற்றிய கூற்றை 'நான் அஞ்சுகிறேன்' எனவும் பெயர்க்கலாம், 'எனக்கு அச்சம் வருகிறது' எனவும் பெயர்க்கலாம். முன்னதில் உணர்பவரே எழுவாய். பின்னதில் அச்சம் எழுவாயாக, உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எண்ணத்தைத் தம்மினின்றும் பிரித்து, வந்துபோகும் ஒன்றாகக் காணுதல் இக்கொள்கை கூறும் ஆறு கூறுகளுள் ஒன்று. எனவே பின்னைய தொடர் அப்பார்வையை வினாவுக்குள்ளேயே வைத்து மாணவர்க்கு ஊட்டிவிடக்கூடும். மதிப்பெண் படிகளும் இவ்வாறே: 'அடிக்கடி' என்பது எண்ணிக்கை, 'பெரும்பாலும்' என்பது விகிதம்; இரண்டையும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாக்குதல் பொருந்தாது.

மைக்கேல் லெவினும் பிறரும் 2019இல் பல்கலைக்கழக மாணவர்க்கெனவே ஒரு வடிவம் அமைத்தனர். எனினும் அதுவும் நெகிழ்வின்மையையே அளக்கிறது. டாட் காஷ்டனும் பிறரும் 2020இல் வெளியிட்ட 15 கூற்று வினாநிரல் வேறு வழி செல்கிறது. விடையளிப்பவர் முதலில் தம் இலக்கொன்றைக் குறிக்கிறார். அதனை நோக்கிச் செல்கையில் எழும் இடரை எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதே பின்னர் வினவப்பெறுகிறது. தமிழாக்கத்திற்கு இதனையே முதலில் எடுத்துக்கொள்ளுதல் தகும். அப்போதும் உணர்வு பற்றிய கூற்றுகளை இருவகைத் தொடரிலும் ஒரே மாணவர் குழுவிடம் சில வார இடைவெளியில் கொடுத்து, விடைகள் மாறுகின்றனவா எனப் பார்த்த பின்னரே கூட்டுத்தொகைக்குச் செல்ல வேண்டும்.