புகையிரத விளையாட்டுக்களிற் சரக்கேற்றம்: யதார்த்தம் பற்றிய ஒரு குறிப்பு

கணினித் திரையிற் புகையிரதம் செலுத்தும் விளையாட்டுக்கள் யதார்த்தத்தையே தமது முதற்பெருமையாகக் கூறிக்கொள்வன. பாரமேற்றிய பெட்டிகள் ஏற்றத்தில் இயந்திரத்தைத் திணறச் செய்வதும், இறக்கத்தில் அதனை முன்தள்ளுவதும் அவற்றில் நுட்பமாகக் கணிக்கப்படுகின்றன. ஆயின், அப்பாரம் பெட்டியினுள் எவ்வாறு வந்தது என்ற வினாவை எழுப்பும்போதே அந்த யதார்த்தத்தின் எல்லை புலனாகின்றது.

2001இல் வெளிவந்த மைக்ரோசொப்ற் றெயின் சிமுலேற்றரிற் சரக்கு, பெரும்பாலும் பெட்டிமீது பொருத்தப்பட்ட அசையா வடிவமே. றெயின்ஸ் வரிசை விளையாட்டுக்களில் நிலக்கரிப் பெட்டி ஏற்றுமிடத்தை மெதுவாகக் கடக்கையிற் கண்முன்னே நிரம்புகின்றது. 2019இல் வெளிவரத் தொடங்கிய டீறெயில் வாலியிலோ, பணிச்சீட்டினைப் பண்டசாலைப் பொறியொன்றினுட் செலுத்தியதும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புகின்றன. சரக்குச் சேதமுற்றால் அதற்குரிய பணமும் அறவிடப்படுகின்றது. இது வளர்ச்சியே. எனினும் இங்கு சரக்குக்கு விலையுண்டு. அதனைத் தூக்கிய தோள்களுக்கு இடமில்லை.

தொழிலாளர் காட்டப்படாமையை மட்டும் குறையெனச் சுட்டி அமைவது எளிது. அது நேர்மையான விமர்சனமாகாது. 1960களின் நடுப்பகுதியிற் பிரித்தானியாவில் அறிமுகமான மெரிகோறவுண்ட் முறையினை நோக்குக. ஏறத்தாழ 32 தொன் நிலக்கரி கொள்ளும் பெட்டிகள், மணிக்கு ஒரு மைலுக்கும் குறைந்த வேகத்தில், நில்லாமலே சேமிப்புத் தொட்டியின் கீழ்ச் சென்று நிரம்பின. மின்னுற்பத்தி நிலையத்தில், பாதையோரக் கருவிகள் அடிக்கதவுகளைத் திறக்க, ஓடியவாறே அவை சரக்கினைக் கொட்டின. இங்கு ஏற்றுமிடத்திலிருந்து மனிதனை அகற்றியது விளையாட்டன்று, உற்பத்திமுறையே. எனவே ஆளற்ற தொட்டியைக் காட்டும் விளையாட்டு, தோற்றத்தளவில், பொய்யுரைக்கவில்லை.

ஆனால் அவ்வியந்திர ஒழுங்கும் மனித இசைவின்மீதே நின்றது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, லெஸ்ரர்ஷயரிற் பெரும்பாலான சுரங்கத் தொழிலாளர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த நிலையிலும், கோல்வில் புகையிரதத் தொழிலாளர் நிலக்கரி வண்டிகளை இயக்க மறுத்தனர். தொட்டி நிறைந்திருந்தது, பாதை திறந்திருந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. எந்தப் பாரக் கணிப்பிலும் அடங்காத விசை அது. விளையாட்டின் இலக்கணத்தில் நின்றுவிட்ட வண்டிக்கு ஒரே பொருள்தான் உண்டு: நிறைவேறாத பணி. மறுப்பு என்னும் மனிதச் செயல் அங்கே திறமைக் குறைவாகவே பதிவாகின்றது.

இலக்கியத்தில் இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் வேறுபடுத்தி நோக்கும் நாம், இங்கும் அவ்வேறுபாட்டினைப் பேணுதல் வேண்டும். துருவும் தூசும் பிசகின்றித் தீட்டப்படலாம். அவற்றின் பின்னுள்ள உறவுகள் மறைக்கப்படுமாயின், எஞ்சுவது புறத்தோற்றத்தின் துல்லியமே. பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்னுற்பத்தி நிலையமான றற்கிளிவ் 2024 செப்டெம்பரில் மூடப்பட்டது. அத்தொழிலை நேரிற் காணாத தலைமுறைக்கு இவ்விளையாட்டுக்கள் ஓரளவேனும் வரலாற்று ஆவணமாக அமையப்போகின்றன. அவ்வாவணத்தில் நிலக்கரியின் நிறை இருந்து, அதனை ஏற்றவும் மறுக்கவும் வல்ல மனிதர் இல்லாதிருப்பின், இழப்பு விளையாட்டுக்குரியது மட்டுமன்று.